ஐந்து ஸ்டேஷனில் ஒரு தங்கச்சி

ராயபுரத்தில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்குவதற்குள், முன்பின் தெரியாத ஒரு பெட்டியில் முழுக் குடும்பத்தையே உண்டாக்கிவிடுகிற மனிதர்கள் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். ஆயிரம் என்பது கொஞ்சம் தாராளமாகச் சொன்னது. கறாராகக் கேட்டால் நாலு பேர். இன்னும் கறாராகக் கேட்டால் அந்த நாலு பேருமே காசிமேட்டு அங்கம்மாதான். காலை வண்டியில் ஒருத்தி, சாயங்கால வண்டியில் ஒருத்தி, திருப்பதி போகையில் ஒருத்தி, வேளாங்கண்ணி போகையில் ஒருத்தி என்று தனித்தனியாக எண்ணிவிட்டேன்.

ஆள் ஒன்றானாலும் இனம் பெரிது. முறை வைப்பவர் என்று அதற்குப் பெயர் சூட்டலாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்போதும் தனியாகத்தான் கிளம்புவார்கள். கூட யாரையாவது அழைத்துப் போகலாமே என்றால் முகம் சுண்டிவிடும். கூட வருகிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது? அவருடைய கதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததாயிற்றே. புதிய மனிதர் வேண்டும். புதிய மனிதரின் அப்பா வேண்டும், அப்பாவின் கொழுந்தியாள் வேண்டும், அந்தக் கொழுந்தியாள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பது அவசரமாக வேண்டும்.

ரயிலில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் இவர்கள் உட்கார மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? எண்ணெய் டேங்க்கும் கன்டெய்னரும். கன்டெய்னரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்க முடியுமா? நடு இருக்கைதான் தோது. வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், எதிரே மூன்று பேர், நிற்பவர்கள் இனாம். உட்கார்ந்ததும் மடியில் இருக்கிற பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா வெளியே வரும். அதற்குள் சுண்டலோ, அதிரசமோ, வறுத்த நெத்திலியோ. எதிரே இருப்பவர் வேண்டாம் என்று தலையாட்டுவார். வேண்டாம் என்று சொல்லவாவது வாயைத் திறந்தாரே, அது போதும். 'இன்னாம்மா, எந்தூரு?'

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் அதோடு தொலைந்தார். பொன்னேரி என்று சொல்லிப் பாருங்கள். பொன்னேரியில் எந்தத் தெரு, அந்தத் தெருவில் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அந்தப் பக்கம் என்றால் அரிசி மில்காரர் வீட்டுக்குப் பக்கத்திலா, அந்த மில்காரரின் மருமகள் வியாசர்பாடிப் பெண்தானே, அந்த வியாசர்பாடிப் பெண்ணின் அத்தையும் எங்கள் ஓரகத்தியும் ஒரே பிரசவ வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், அப்படியென்றால் நீ எனக்குத் தம்பி. அவ்வளவுதான். ஒரு சிக்னல் நேரம்.

என்ன முறை வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பை தூக்க ஆள் வேண்டுமென்றால் தம்பி. இடம் விட்டுத்தர வேண்டுமென்றால் மருமகப்பிள்ளை. சண்டைக்கு வருகிற பெண்பிள்ளை என்றால் அண்ணி, ஏனென்றால் அண்ணியிடம் சண்டை போட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு நாள், அப்துல் வஹாப் என்ற டிக்கெட் பரிசோதகரை அங்கம்மா தண்டையார்பேட்டையில் அண்ணன் என்று ஆரம்பித்து, திருவொத்தியூரில் தாய்மாமன் ஆக்கிவிட்டாள். அபராதத்தை அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் போகும்போது, 'உடம்பப் பாத்துக்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பதி வண்டியில் கூடூர்க்காரி ஒருத்தியை, இருவருக்கும் பொதுவான ஒரு வார்த்தைகூட இல்லாமல், வெறும் புளியோதரையை வைத்தே வதினை, அதாவது தெலுங்கு அண்ணி, ஆக்கியிருக்கிறாள். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அந்த வதினை போன் பண்ணுகிறாள். அவள் தெலுங்கில் பேசுகிறாள், இவள் தமிழில் பேசுகிறாள், இருவரும் அழுதுவிட்டு வைக்கிறார்கள்.

மெட்ரோ ரயில் மட்டும் அங்கம்மாவுக்கு ஆகாது. விம்கோ நகரில் ஒரே ஒரு தடவை ஏறினாள். எல்லார் காதிலும் ஒரு குமிழ், எல்லார் கையிலும் ஒரு போன், குளிர் வேறு. பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டி, 'இன்னா பாட்டும்மா கேக்கற?' என்றாள். அந்தப் பெண் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. 'அது ரயிலா? நடமாடும் ஐ.சி.யூ.' என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். இந்த இனம் பெயர் கேட்காது. குலம், கோத்திரம், கொழுந்தனின் சர்க்கரை அளவு எல்லாம் கேட்கும், எதிரே இருப்பவரின் பெயரை மட்டும் கேட்காது. பெயர் எதற்கு? முறை கிடைத்துவிட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாமே.

இந்த ஒரு பழக்கம்தான் போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாவின் மகள் கீர்த்தியின் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கடலில் தள்ளப் பார்த்தது.

கீர்த்திக்கு இருபத்து நாலு வயது. தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற தீபன் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் வீடு எண்ணூரை ஒட்டிய தாழங்குப்பத்தில். அவர்களும் மீன்பிடிக் குடும்பம்தான், இவர்களும் அதேதான், தடை எதுவும் தெரியவில்லை. 'அம்மா மட்டும் சும்மா ஒரு தபா வந்து வூட்டப் பாத்துட்டுப் போவட்டும். புடிச்சா மேல பேசலாம்' என்று பையன் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா மண்ணாங்கட்டி விசைப்படகில் போனவர், கரைக்கு வர இன்னும் ஒரு வாரம். ஆக அங்கம்மா தனியாகப் போக வேண்டியதாயிற்று.

மகள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"ம்மா, ரயில் ஏறி ஒக்காந்தோமா, எண்ணூர்ல எறங்கினோமான்னு இரு. யாராண்டயும் எந்தூருன்னு கேக்காத."

"கேட்டா இன்னாடி? வாய்ல கீற முத்து கொட்டிடுமா?"

"முத்து கொட்டாது, முறை கொட்டும். அவங்க வூட்ல தாத்தா ஒருத்தர் கீறாரு. அந்த ஊருக்கே பெரியதனமா இருந்தவரு. முறை விசயத்துல ரொம்ப கறாரு. போன வருசம் தீபனோட அண்ணனுக்கு எல்லாம் பேசி முடிச்சு, பத்திரிகை அடிக்கிற நேரத்துல, அந்தப் பொண்ணு சித்தி முறை வருதுன்னு கேன்சல் பண்ணிட்டாரு. நீ பாட்டுக்கு எதையாவது கெளறி வச்சிடாத. எதுக்குப் போறேன்னும் சொல்லாத. வண்டி பூரா எண்ணூர்க்காரங்கதான் இருப்பாங்க."

"கடலம்மா சாட்சியா வாயத் தெறக்க மாட்டேன், போதுமா?"

கீர்த்தி அம்மாவின் முந்தானையைச் சரி செய்துவிட்டு, தலையில் இரண்டு முழம் மல்லிகையை வைத்துவிட்டு, "எனக்கு இது வேணும்மா" என்றாள், மெதுவாக. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூடப் பணம் கேட்காத பெண். அங்கம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினாள்.

ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை அவள் பேசவில்லை. தூக்கத்திலேயே அக்கம்பக்கத்தை விசாரிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்பது உங்களுக்குத் தெரியாது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த ஒருவர் பல் வலியா என்று கேட்டார். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண் ஏறினாள். ஐம்பது வயது இருக்கும். கையில் துணிக்கடைப் பை ஒன்று, பழப் பை ஒன்று, ஸ்வீட் டப்பா ஒன்று. மூச்சு வாங்க அங்கம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றது. அந்தச் சிக்னல் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் இன்றுவரை அங்கம்மாவின் கட்சி.

அவள் எந்தூரு என்று கேட்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். "மாதுளம்பழம் நல்லா செவப்பா கீதே" என்று மட்டும் சொன்னாள். சொல்வது வேறு, கேட்பது வேறு.

"வூட்டுக்கு விருந்தாளி வராங்கக்கா. அதான்."

"எண்ணூர் வரைக்குமா?"

"ஆமாக்கா. தாழங்குப்பம். நீங்க?"

"நானும் அந்தப் பக்கந்தான். கருவாடு விசயமா போறேன்." கருவாட்டுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையை அந்தப் பெண் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். கேட்கவில்லை. "விருந்தாளி யாரு?" என்று அங்கம்மாதான் கேட்டாள்.

"அது வூட்டு விசயம்க்கா. வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க மாமனாரு ஆர்டரு."

உங்களுக்கு இதற்குள் விளங்கிவிட்டது. அங்கம்மாவுக்கு ஏன் விளங்கவில்லை என்று கேட்பீர்கள். தூண்டிலில் மீன் மாட்டி, நரம்பு விண்ணென்று இழுக்கிற நேரத்தில் மீனின் முகவரியை யாராவது விசாரிப்பார்களா? தாழங்குப்பம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அது பையன் வீட்டு நினைவு அல்ல. அதற்கும் முந்தியது.

"எங்க ஆயாவோட தங்கச்சி ஒருத்தங்க தாழங்குப்பத்துல இருந்தாங்க. சின்ன ஆயான்னு கூப்புடுவோம். மாசி பொறந்தா ஒரு ஓலக்கூட நெறைய முகத்துவாரத்து நண்டு எட்துகினு வருவாங்க. கூட இறக்கறதுக்குள்ள நாங்க பசங்கல்லாம் குந்திடுவோம்."

பக்கத்துப் பெண் துணிப்பையைக் கீழே வைத்தாள். "எங்க ஆயாவும் மாசில நண்டு எட்துகினு போவாங்கக்கா. காசிமேட்டுல அக்கா வூடு கீதுன்னு."

இந்த இனம் உயிரோடு இருப்பவர் பெயரைத்தான் கேட்காது. செத்தவர் பெயரைத் தவறாமல் கேட்கும்.

"உங்க ஆயா பேரு இன்னா?"

"நாகம்மா."

"காசிமேட்டுல அவங்க அக்கா பேரு?"

"கன்னியம்மா ஆயா. ஒரு கண்ணு பூ உழுந்திருக்கும்."

"எடது கண்ணு" என்றாள் அங்கம்மா.

எத்தனை வருட உழைப்பு. எத்தனை ரயில், எத்தனை பேருந்து, எத்தனை சுண்டல். பிரசவ வார்டுக் கட்டிலையும் அரிசி மில்லையும் ஒட்டவைத்து ஒட்டவைத்து எத்தனை போலி உறவுகளை உண்டாக்கியிருப்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜ உறவு, தன்னுடைய சொந்த ஆயாவின் சொந்தத் தங்கையின் பேத்தி, பழப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வ.உ.சி. நகரில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயாக்கள் அக்கா தங்கை, அப்படியென்றால் அம்மாக்கள் அக்கா தங்கை, அப்படியென்றால் நீயும் நானும்? திருவொத்தியூரில் வண்டி நிற்கவும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அங்கம்மா தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைப் பிய்த்துத் தங்கச்சியின் தலையில் வைத்தாள். மகள் ஆசையாக வைத்துவிட்ட மல்லிகை. பட்டாணி விற்கிறவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய ஒரு இளைஞர், நோயல் என்று அட்டையில் போட்டிருந்தது, கைக்குட்டை கொடுத்தார். அவரை மருமகப்பிள்ளை ஆக்கக்கூட அங்கம்மாவுக்கு நேரமில்லை.

எண்ணூரில் இறங்கியதும் தங்கச்சியின் புருஷன் பைக்கோடு தயாராக நின்றார். "சீக்கிரம் ஏறு, அவங்க வந்துடப் போறாங்க" என்று அவசரப்படுத்தினார். "வூட்டுக்கு வந்துட்டுத்தான் போவணும்க்கா" என்று தங்கச்சி கத்திக்கொண்டே போனாள். எந்த வீடு? கேட்பதற்குள் பைக் மறைந்துவிட்டது. ஐந்து ஸ்டேஷனில் தங்கச்சியைப் பிடித்தவள், விலாசத்தைப் பிடிக்கவில்லை.

அங்கம்மா ஷேர் ஆட்டோ பிடித்து, பையன் வீட்டை விசாரித்து, பதினொன்றுக்கு வாசலில் போய் நின்றாள். சுத்தமான வீடு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் எண்பது தாண்டிய ஒரு பெரியவர், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் குமாரவேல் தாத்தா. சுவரோரம் தீபன் நின்றிருந்தான், நல்ல உயரம், நல்ல சிரிப்பு. கீர்த்திக்குக் கண் இருக்கிறது என்று அங்கம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து மாதுளம்பழம் உரித்த தட்டோடு பையனின் அம்மா செங்கொடி வந்தாள். பின்னாலேயே பையனின் அப்பா டில்லிபாபு, பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

தட்டு செங்கொடியின் கையில் ஒரு ஆட்டம் ஆடியது.

"அக்கா."

"தங்கச்சி."

இதைவிட ஆனந்தமான காட்சி உண்டா? ஒரு நிமிடம் வரை இல்லை. இருவரும் மறுபடி அழுதார்கள், சிரித்தார்கள், ரயிலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நாற்காலியிலிருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னாம்மா, இன்னா முறை?"

இந்தக் கேள்வியை அங்கம்மாவிடம் கேட்கலாமா? நாற்பது வருடமாக அடுத்தவர் காதில் அவள் போட்ட கேள்வியை முதல் தடவையாக ஒருவர் அவளிடம் கேட்கிறார். முகம் மலர்ந்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, கன்னியம்மா ஆயாவில் ஆரம்பித்தாள். அவள் தங்கை நாகம்மா, அவர்கள் பெற்ற இரண்டு பெண்கள், அந்தப் பெண்கள் பெற்ற நாங்கள் இருவர், வழியில் ஒரு ஆம்பிளைகூடக் குறுக்கே வரவில்லை, அக்கா தங்கச்சி, அக்கா தங்கச்சி, அக்கா தங்கச்சி என்று மூன்று படி, சொம்பில் ஊற்றின தண்ணீர் மாதிரி நேராக வந்து இறங்குகிறது என்று கையை ஆட்டி விளக்கி முடித்துவிட்டு, பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

தீபனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் நூறு பேரிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்கிற பிள்ளை, தானே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். விடுங்க என்று சொல்லத்தான் ஆளில்லை.

அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் அண்ணன் தங்கை. அண்ணன் தங்கை பெற்ற பிள்ளைகளாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம், அதற்கு மேளம்கூட வேண்டாம். அக்கா தங்கை என்றால் நினைத்துப் பார்க்கவே கூடாது. இது அந்தக் குப்பத்தில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும்.

"அப்போ இவன் உனக்குப் புள்ள" என்றார் பெரியவர். "உன் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி. பழம் சாப்புடும்மா."

அங்கம்மா சும்மா விடுகிறவளா? கட்டத் தெரிந்தவளுக்குப் பிரிக்கவும் தெரியும் என்று இறங்கினாள். தன் புருஷன் மண்ணாங்கட்டி வழியில் பார்த்தால் நாத்தனார் முறை வர வாய்ப்பிருக்கிறது என்றாள். பெரியவர் எந்த வழி என்று கேட்டார். புருஷனின் சித்தப்பா ஒரு தடவை எண்ணூருக்குத் தேர் பார்க்க வந்திருக்கிறார் என்றாள். தேர் பார்த்தால் முறையா என்றார் பெரியவர். கூடூர் வதினை வழியாகச் சுற்றி வரலாமா என்று யோசித்து, வாயைத் திறந்து, தானே மூடிக்கொண்டாள். செங்கொடி தலையிலிருந்த பாதி மல்லிகையைத் தொட்டுப் பார்த்தாள். அதைக் கழற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"போன வருசம் பெரியவனுக்கு நிறுத்தினேன்" என்றார் பெரியவர். "சின்னவனுக்கு மட்டும் கண்ண மூடிக்க முடியுமா? ஊரு இன்னா கேக்கும்?" சொல்லிவிட்டு அவர் அங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கம்மாவுக்கு ஒரு உறவு அதிகமாகப் பட்டது. எனக்கு இது வேணும்மா என்றாளே. அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது? நீ பார்த்த மாப்பிள்ளையை விம்கோ நகர் வருவதற்கு முன்னாலேயே உனக்கு அண்ணன் ஆக்கிவிட்டேன் என்றா? இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மகளின் எண்ணை அழுத்தினாள். பெரியவரிடம் நீட்டினாள்.

"என்னால ஆவாது பெரியவரே. நீங்களே சொல்லுங்க."

பெரியவர் போனை வாங்கிக் காதில் வைக்கத் தெரியாமல் திருப்ப, தீபன் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தான்.

"ம்மா, இன்னாச்சு?"

"நான் தீபன் தாத்தாம்மா."

"வணக்கம் தாத்தா. எங்கம்மா ரயில்ல யாராண்டயாச்சும் பேசினாங்களா?"

"பேசினாங்க."

"யாரு தாத்தா மாட்டினது?"

"உன் மாமியாரு. இப்போ உனக்குச் சித்தி."

கூடத்தில் இருந்த ஐந்து பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அழும் என்று எதிர்பார்த்தார்கள். போன் பெருமூச்சு விட்டது.

"தாத்தா, எங்கம்மா வைக்கிற முறையெல்லாம் நம்பாதீங்க. ரயில்ல புடிச்சு பொங்கலுக்குப் பொங்கல் போன்ல அழுவுற அளவுக்கு சொந்தம் வச்சிருக்காங்க, ஒண்ணுகூட ரத்தம் இல்ல. எங்க ஆயாவும் இப்படித்தான், பஸ்ல. எங்க வூட்ல ரெண்டு தலைமுறையா இதே வேலை."

"மூணு" என்றார் பெரியவர்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நைனா, இன்னா மூணு?" என்றார் டில்லிபாபு.

"கன்னியம்மாவும் நாகம்மாவும் கூடப்பொறந்தவங்க இல்லடா."

செங்கொடி உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் வாசலைப் பார்த்தபடியே சொன்னார். நாகம்மா செத்தபோது அவர்தான் பெரியதனம். சாவுக்குப் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும், கோடி போடுவது என்று அதற்குப் பெயர். நாகம்மாவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. பிணத்தைத் தூக்க முடியாமல் காத்திருந்த நேரத்தில், காசிமேட்டிலிருந்து ஒற்றைக் கண்ணோடு கன்னியம்மா கோடித் துணியைக் கொண்டுவந்து நின்றாள். எந்த முறையில் போடுகிறாய் என்று பஞ்சாயத்து கேட்டது.

"அவ பொய் சொல்லலம்மா. ரயில்ல பாத்தேன், எந்தூருன்னு கேட்டேன், முப்பது வருசமா அவ நண்டு துன்னேன், முறை நீங்களே ஒண்ணு பாத்து வச்சுக்கோங்கன்னா. நாங்க அஞ்சு பேரு. நான்தான் சொன்னேன், அக்கான்னு வச்சுக்கலாம், வெளிய யாரும் மூச்சு வுடக்கூடாதுன்னு. மத்த நாலு பேரும் போய்ச் சேந்துட்டானுங்க. நான் இதுவரைக்கும் சொல்லல."

"அப்போ நீ வச்சதுதானே முறை?" டில்லிபாபு விடவில்லை. "பெரியதனம் வச்ச முறை முறை இல்லையா? ஊரு கேட்டா?"

"அது கோடி போடறதுக்கு வச்சது. கல்யாணத்துக்கு வைக்கல. ஊரு கேட்டா என்னக் கேக்கச் சொல்லு. அன்னிக்கு இருந்த ஊர்ல மிச்சம் நான் ஒருத்தன்தான்."

தீபன் மூச்சை விட்டான்.

மடியிலிருந்த போனிலிருந்து, "தாத்தா, நான் லைன்லதான் இருக்கேன்" என்று குரல் வந்தது. "இரும்மா, பெரியவங்க பேசிகினு கீறோம்" என்றார் அவர்.

செங்கொடிதான் சமாதானமாகவில்லை. "அப்போ இவங்க எனக்கு யாரு மாமா? காலைலதான் கெடச்சாங்க. அதுக்குள்ள இல்லன்னா?"

"சம்பந்தி."

"அக்கான்னா உரிமையா சண்டை போடலாம்."

"சம்பந்தின்னா சண்டை போட்டே ஆவணும்" என்றார் பெரியவர். "இப்ப பழம் சாப்புடுங்க. காலைலேர்ந்து ரயில்ல அழுத பழம், கறுத்துடப் போவுது."

கல்யாணம் தை மாதம் நடந்தது. ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேரை மண்ணாங்கட்டிக்கே அடையாளம் தெரியவில்லை. சீருடையில்லாமல் வந்த ஒரு டிக்கெட் பரிசோதகர் தாய்மாமன் வரிசையில் நின்று மொய் எழுதினார்.

இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். காதில் குமிழ் மாட்டிக்கொள்ளலாம், தூங்குவதுபோல நடிக்கலாம், ஊர் எதுவென்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். ஆயாக்கள் அக்கா தங்கை என்றால் பேரப்பிள்ளைகள் என்ன முறை என்று மேலே படித்தபோது, ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் விரலை மடக்கியது யார்? கூடூர்க்காரி எந்தக் கூடூர், தெரிந்த கூடூராக இருக்குமோ என்று ஒரு நொடி யோசித்தது யார்? அடுத்த தடவை ரயிலில் உட்காரும்போது ஜன்னலோரமாக உட்காருங்கள். கன்டெய்னர்களைப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் கல்யாண வயதில் யாராவது இருக்கக்கூடும்.

அங்கம்மா திருந்திவிட்டாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் வண்டி ஏறும்போதே, இனி ஜென்மத்துக்கும் ரயிலில் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று மறுபடி கடலம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். மதிய ஷிப்டுக்காகத் தீபனும் அதே வண்டியில் தண்டையார்பேட்டை வரை வந்தான். சாயங்காலம் காசிமேட்டில், போனில் அவனோடு பேசிக்கொண்டிருந்த கீர்த்தியின் முன்னால் அங்கம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"வர வழி பூரா நான் வாயே தெறக்கலடி. வேணும்னா மாப்பிள்ளையக் கேட்டுப் பாரு."

கீர்த்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆமா, தெறக்கல" என்றான் தீபன். "கத்திவாக்கம் வரைக்கும். அதான் எண்ணூருக்கு அடுத்த ஸ்டேஷன்."